பழைய கடவுச்சீட்டின் படம்: மட்டக்களப்பு வழியாகத் திருச்சிக்குப் போன ஒரு குடும்பத்தின் வருகைப் படிவங்கள்

மட்டக்களப்பு நகரில் படிவம் நிரப்புதல், அச்செடுத்தல் போன்ற கணினி வேலைகளுக்கான சிறு நிலையம் ஒன்றை நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காக இங்குள்ளவர்கள் விசா வேலை கேட்டு வருவது எங்களுக்கு அன்றாடம். அவற்றில் ஒன்றைச் சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்துடன் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

குடும்பமும் பயணமும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தந்தை 1990களில் இலண்டனுக்குப் போனவர். பிரித்தானியப் பிரஜையானபோது, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி இலங்கைப் பிரஜாவுரிமை அவரிடமிருந்து தானாகவே போய்விட்டது. 2011இல் நிறுத்தப்பட்டிருந்த இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் 2015இல் மீண்டும் ஏற்கப்படத் தொடங்கிய பிறகு, 19ஆம் பிரிவின் கீழ் அதைத் திரும்பப் பெற்றார். ஆகவே அவரிடம் இரண்டு கடவுச்சீட்டுகள் இருக்கின்றன.

தாய் திருச்சி உறையூரில் பிறந்தவர். படிக்கப் போன இடத்தில் திருமணமாகி, அவரும் பிரித்தானியப் பிரஜையாகிவிட்டார். இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமை தருவதில்லை. அதற்கு மாறாக, முன்னாள் இந்தியர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ், விசா இல்லாமல் போய்வர உதவும் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமக்கள்) அட்டை வழங்குகிறது. தாயிடமும் 19 வயது மகனிடமும் 11 வயது மகளிடமும் அந்த அட்டை உண்டு. பிள்ளைகள் இருவரும் இலண்டனில் பிறந்தவர்கள். இலங்கைப் பிரஜைகளாக அவர்களை ஒருபோதும் பதிவு செய்யவில்லை.

2025 ஒக்டோபர் கடைசியில், இலண்டன் பள்ளிகளின் இடைத்தவணை விடுமுறையோடு சில நாட்களைக் கூட்டி நால்வரும் புறப்பட்டார்கள். காரணம் தந்தையின் தகப்பனாருடைய ஆட்டைத் திவசம். திவசம் திதி பார்த்து வைப்பது. விமானம் தவறினால் அடுத்த கிழமைக்கு மாற்றுவோம் என்று ஐயரிடம் சொல்ல முடியாது. மட்டக்களப்பில் ஒரு கிழமை தங்கி, பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேரே திருச்சிக்குப் பறந்து தாயின் பெற்றோரைப் பார்ப்பதாகத் திட்டம்.

ஒரே பயணத்தில் இரண்டு பூர்வீக நாடுகள். முதல் எல்லையில் தந்தை பிரஜை, மற்ற மூவரும் வெளிநாட்டவர். இரண்டாம் எல்லையில் தந்தைக்கு விசா வேண்டும், மற்ற மூவருக்கும் வேண்டாம். சிக்கல் முழுவதும் இதற்குள்ளேதான் இருந்தது. ஆனால் அப்போது அதை யாரும் இப்படிப் பார்க்கவில்லை. "ஊருக்குத்தானே போகிறோம்" என்பதே வீட்டில் நிலவிய மனநிலை.

இந்தக் குடும்பம் கேட்டுவைத்திருந்த ஆலோசனைகள்

படிவ வேலையைத் தொட்டவர் தந்தையின் மச்சான், அதாவது தங்கையின் கணவர். எங்கள் பகுதி வழக்கப்படி வீடு தங்கைக்குச் சீதனமாகப் போனது. விருந்தாளிகள் இறங்கும் வீடும், படிவத்தில் எழுதும் விலாசமும் அதுதான். ஆகவே பொறுப்பும் இயல்பாக அவர் தலையில் விழுந்தது.

அவர் உறவினர்களிடம் விசாரித்தார். 2023இல் வந்த இதே குடும்பம், ஈ.ரி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் இலத்திரனியல் பயண அனுமதியை எடுத்து வந்திருந்தது. 2024 மே மாதம் வந்த ஒன்றுவிட்ட தமையன், அது பழைய முறை, இப்போது வேறு இணையத்தளம், கட்டணமும் வேறு என்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் கனடாவிலிருந்து வந்த பெரியம்மா, இணையத்தில் எதுவுமே செய்யத் தேவையில்லை, கட்டுநாயக்கவில் வரிசையில் நின்றால் போதும் என்றார்.

மூவர் சொன்னதும் உண்மை. ஈ.ரி.ஏ. 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த முறை. 2024 ஏப்ரல் நடுப்பகுதியில் அதை நிறுத்தி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக ஈ-விசா கொடுக்கத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 2 அன்று உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. பழைய ஈ.ரி.ஏ. திரும்பி வரச் செப்டெம்பர் கடைசியானது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் விமான நிலையத்தில் நீண்ட வரிசையில் நின்றே விசா பெற்றார்கள். பெரியம்மா அந்த இடைவெளியில் வந்தவர். ஒவ்வொருவரும் தாம் வந்த மாதத்தின் விதியை எப்போதைக்குமான விதியாக வைத்துக்கொண்டு ஆலோசனை சொன்னார்கள்.

2025 ஒக்டோபர் நடுப்பகுதியில், முன்கூட்டியே ஈ.ரி.ஏ. எடுக்காதவர்களை இனி விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று ஓர் அறிவித்தலும், அது ஒத்திவைக்கப்பட்டது என்று இன்னொன்றும் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் சுற்றின. மச்சான் இவற்றுக்கெல்லாம் முன்பே, ஒக்டோபர் தொடக்கத்திலேயே வேலையை முடித்துவிட்டிருந்தார். அரசின் சரியான தளத்தில், இன்னொருவருக்காக விண்ணப்பிக்கும் வழியைத் தெரிந்து, தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஈ.ரி.ஏ. எடுத்திருந்தார். தந்தைக்குத் தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு வருபவர் இலங்கையர். நான் பார்த்தவர்களில் இவ்வளவு சரியாகச் செய்தவர்கள் குறைவு.

கவனித்தது

பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு கிழமை இருக்கையில், அனுமதிக் கடிதங்களை அச்செடுக்க மச்சான் எங்கள் நிலையத்துக்கு வந்தார். கூடவே இணையவழி வருகை அட்டையை எப்போது நிரப்பலாம் என்றும் கேட்டார். அது ஈ.ரி.ஏ.யிலிருந்து வேறானது. விமானத்தில் கொடுத்த சிறு காகித அட்டையின் இடத்துக்கு வந்தது. கட்டணம் இல்லை. வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்புவது. இலங்கைக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு வேண்டியதில்லை.

நாள் நெருங்கியதும் நிரப்பலாம், இப்போதைக்கு எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் இன்று எடுத்த படமாக அனுப்பச் சொல்லுங்கள் என்றோம். இது எங்கள் வழக்கம். கைபேசியில் கிடக்கும் பழைய படத்தைப் பார்த்து நாங்கள் எந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை. மச்சானுக்கு இது வீண் வேலையாகப் பட்டது. "என்னிடம் எல்லாம் இருக்கிறதே அண்ணன், போன முறை அனுப்பியதுதானே" என்றார். இருந்தாலும் கேட்டு அனுப்பினார்.

இலண்டனிலிருந்து வந்த படங்களில் மகளுடைய கடவுச்சீட்டின் இலக்கம் வேறாக இருந்தது.

பிரித்தானியாவில் 16 வயதுக்குட்பட்டவர்களின் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். மகளுடையது 2026 நடுப்பகுதி வரை செல்லுபடியாக இருந்தது. ஆனால் அடுத்த கோடையில் பள்ளிச் சுற்றுலா ஒன்று இருப்பதால், தாய் அந்த ஓகஸ்டிலேயே அதைப் புதுப்பித்துவிட்டார். புதுப்பித்தவுடன் பழையது இரத்தாகும். மச்சானோ 2023இல் வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து விண்ணப்பித்திருந்தார். படத்தில் காலாவதித் திகதி இன்னும் வரவில்லை என்பதால், தளம் எந்தத் தடையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு அனுமதியும் தந்துவிட்டது. கையில் உள்ள அனுமதி, இப்போது உயிரோடு இல்லாத ஒரு புத்தகத்துக்கு உரியது.

இதை ஒரு பிழை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. பயண அனுமதி ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பெயர் சரி, பிறந்த திகதி சரி, முகம் சரி என்றால் பிள்ளை அதே பிள்ளைதானே. ஆனால் விமான நிறுவனத்தின் கணினியும் குடிவரவுக் கணினியும் தேடுவது இலக்கத்தை. அந்த இலக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ, அனுமதியும் அந்தப் புத்தகத்துக்கே. உறவினர் ஒருவர் அன்போடு சேமித்து வைத்த பழைய படம் ஆபத்தாவது இங்கேதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று அனுமதிகளும் மச்சானுடைய மின்னஞ்சலுக்கே வந்திருந்தன. அவர் நெல் வேலையாக வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் போய்விட்டால் கைபேசி சமிக்ஞை சில நேரம் கிடைக்காது. இலண்டன் விமான நிலையத்தில் கேள்வி எழுந்தால், கடிதம் கையில் இல்லாத தாய் என்ன செய்வார்?

முதல் எல்லைக்கான முடிவுகள்

மகளுக்குப் புதிய ஈ.ரி.ஏ. எடுப்பதா, இருக்கிறதைத் திருத்தக் கேட்பதா, அல்லது கட்டுநாயக்கவில் பார்த்துக்கொள்வதா என்று மூன்று வழிகள் பேசப்பட்டன. மூன்றாவதைத் தந்தை விரும்பினார். குழந்தைதானே, விளங்கப்படுத்தினால் விடுவார்கள் என்பது அவர் எண்ணம். கட்டுநாயக்க உத்தியோகத்தர் விடக்கூடும். ஆனால் அதற்கு முன்னால் இலண்டனில் விமான நிறுவனத்தின் மேசை இருக்கிறது. ஆவணம் பொருந்தாத பயணியை ஏற்றிவந்தால் திருப்பிக் கொண்டுபோகும் செலவு நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே அந்த மேசையில் இருப்பவருக்கு இரக்கப்பட இடம் குறைவு. திருத்தம் கேட்டு எழுதினால் பதில் எப்போது வரும் என்று நிச்சயமில்லை.

புதிதாக எடுப்பதென்று முடிவானது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஈ.ரி.ஏ. கட்டணம் இல்லை என்பதால் தயக்கத்துக்கும் காரணம் இருக்கவில்லை. இதே பிழை மகனுக்கு நேர்ந்திருந்தால், கட்டிய பணம் திரும்பி வராது. இம்முறை விண்ணப்பத்தைத் தாயே இலண்டனில் இருந்து, தன் மின்னஞ்சலைக் கொடுத்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்பினார். நாங்கள் தொலைபேசியில் மட்டும் இருந்தோம். அனுமதி மறுநாளே வந்தது. பழைய அனுமதிக் கடிதத்தை அழித்துவிடச் சொன்னோம். இரண்டும் இருந்தால் அவசரத்தில் கைக்கு வருவது எப்போதும் தவறானதாகவே இருக்கும்.

வருகை அட்டையில் விலாசம் ஒரு சிறு தொல்லை தந்தது. எங்கள் கிராமத்து வீடுகள் பலவற்றுக்கு இலக்கம் கிடையாது. வீதிப் பெயரும் "கோயிலுக்குப் பின்பக்கம்" என்பதும்தான் தபால்காரருக்குப் போதும். மகன் ஓர் இலக்கத்தைக் கற்பனையாகப் போட்டு நிரப்பப் பார்த்தான். வேண்டாம் என்று, வீதி, கிராமம், மாவட்டம், மாமாவின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதச் சொன்னோம். தளம் ஏற்றுக்கொண்டது. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வீட்டிலேயே மூன்று பேர் மூன்று விதமாக எழுதினார்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டியது கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் மட்டுமே.

தந்தை இலண்டனிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டில் வெளியேறி, கட்டுநாயக்கவில் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே வந்தார். மற்ற மூவரும் வெளிநாட்டவருக்கான வரிசையில் நின்று வெளியே வந்தார்கள். சிக்கல் எதுவும் எழவில்லை. மழை தொடங்கிவிட்ட காலம். ஹபரணை, பொலன்னறுவை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். அச்செடுத்த தாள்களைப் பார்த்த அப்பம்மா, "இந்த வீட்டுக்கு வருவதற்கா இவ்வளவு கடதாசி?" என்று கேட்டாராம்.

இரண்டாம் எல்லை: மட்டக்களப்பிலிருந்து நிரப்ப வேண்டிய இந்தியப் படிவம்

இந்தியா 2025 ஒக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கான காகித வருகை அட்டையின் இடத்தில் மின்-வருகை அட்டையைக் கொண்டுவந்தது. இந்தக் குடும்பத்தின் பயணம் அதற்குச் சில கிழமைகள் மட்டுமே பிந்தியது. ஆகவே உறவினர் எவருக்கும் இதில் அனுபவம் இல்லை. ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. படிவம் இலவசம். ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. இந்தியாவில் இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது விசா அல்ல, விசாவுக்கு மாற்றும் அல்ல.

தாய் இதைப் பற்றிக் கேட்டதும், "எங்கள் மூவருக்கும் தேவைப்படாது, ஓ.சி.ஐ. இருக்கிறது, இவருக்கு மட்டும் பாருங்கள்" என்றார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. அந்த அட்டை வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் போய்வர உதவுகிறது. எத்தனையோ முறை அதைக் காட்டியே உள்ளே போனவர் அவர். ஆனால் இங்கே கேள்வி விசாவைப் பற்றியதல்ல. வழிகாட்டலில் விலக்கு என்று சொல்லப்பட்டிருந்தது இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு. ஓ.சி.ஐ. அட்டைதாரர் வருவது வெளிநாட்டுக் கடவுச்சீட்டில். எந்தக் கடவுச்சீட்டில் இறங்குகிறீர்கள் என்று கேட்டால் விடை வந்துவிடுகிறது.

விலக்கு உண்டு என்று எழுதிய செய்தி ஒன்றைத் தாய் கைபேசியில் காட்டினார். நாங்கள் விவாதத்தை நீட்டவில்லை. நிரப்பினால் பத்து நிமிடம் போகும், பணம் போகாது. நிரப்பாமல் போய்த் தேவை என்றாகிவிட்டால், நால்வரில் மூவர் ஓரமாக நிற்க வேண்டும். நால்வருக்கும் நிரப்புவதென்று முடிவானது.

மகன் திங்கட்கிழமையே முயன்று பார்த்தான். விமானம் சனிக்கிழமை காலை. சனி என்ற நாளைத் தளம் தெரிவுசெய்ய விடவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து இணையத்தில் தேடினான். முதலில் வந்த தளம் சனிக்கிழமையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு தொகை கேட்டது. வங்கி அட்டைக்காகத் தந்தையிடம் வந்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. அது இடைத்தரகர் தளம். விவரங்களை இப்போது வாங்கி வைத்துக்கொண்டு, நாள் வந்ததும் அதே இலவசப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அவர்கள் தொழில். சில தளங்கள் அதையும் செய்வதில்லை. உண்மையான தளம் முன்கூட்டியே ஏற்க மறுப்பதுதான் அவர்களுக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருகிறது என்பது எனக்கும் அன்றுதான் முழுமையாக விளங்கியது. அரசின் விசாத் தளங்கள் இந்தியாவில் 'கவ் டொட் இன்' (.gov.in) என்றும், இலங்கையில் 'கவ் டொட் எல்.கே' (.gov.lk) என்றும் முடியும். முகவரியின் கடைசியைப் பார்க்காமல் கடவுச்சீட்டு இலக்கத்தைத் தட்டக் கூடாது.

சனிக்கிழமை காலைக்கு 72 மணி நேரம் என்றால் புதன் காலையில் வாசல் திறக்கிறது. புதன்கிழமை திவசம். வீடு நிறைய ஆட்கள், சமையல், ஐயர். அன்று யாரையும் படிவத்தின் முன் உட்கார வைக்க முடியாது. வெள்ளி மாலை வான் புறப்பட்டுவிடும். வழியில் மின்னேரியா, ஹபரணைப் பக்கம் காட்டுக்குள் கைபேசியை நம்பிக்கொண்டு இருப்பதில் பயனில்லை. எஞ்சியது வியாழன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கணக்கில் குழப்பம் இல்லை. இலண்டனிலிருந்து நிரப்புகிறவர்களே அந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள்.

வியாழன் பிற்பகல் நால்வரும் நிலையத்துக்கு வந்தார்கள்.

தந்தை தன் கைபேசியில் தொடங்கினார். பிரஜாவுரிமை இலங்கை, கடவுச்சீட்டு இலக்கம் இலங்கையுடையது என்று நிரப்பிக்கொண்டு போனார். அந்தக் கிழமை முழுவதும் அவர் சட்டைப்பையில் இருந்தது அந்தப் புத்தகம்தான். ஆனால் இந்திய ஈ-விசாவை அவர் இலண்டனில் இருக்கும்போதே பிரித்தானியக் கடவுச்சீட்டில் எடுத்திருந்தார். படிவம் ஒரு புத்தகத்திலும் விசா இன்னொன்றிலும் இருந்தால், திருச்சியில் இரண்டும் சேராது. நிறுத்தி, எல்லாவற்றையும் பிரித்தானியக் கடவுச்சீட்டில் மீண்டும் நிரப்பினார்.

மகளுக்கு வந்தபோது தாய் தயங்கினார். ஓ.சி.ஐ. அட்டையில் அச்சாகியிருப்பது பழைய கடவுச்சீட்டின் இலக்கம். புதியதைப் போட்டால் அட்டையோடு பொருந்தாது, பழையதைப் போட்டால் கையில் உள்ள புத்தகத்தோடு பொருந்தாது. பழைய புத்தகமும் இலண்டனில் இருக்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிக நேரம் எடுத்தோம். 2021 மார்ச்சில் இந்திய உள்துறை அமைச்சு, ஓ.சி.ஐ. அட்டையோடு பழைய கடவுச்சீட்டையும் சுமந்து வரவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. அடுத்த மாதம், 20 வயதுக்குட்பட்டவர் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அட்டையை மீள வழங்கத் தேவையில்லை, புதிய கடவுச்சீட்டின் பிரதியையும் படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவேற்றினால் போதும், இடைக்காலத்தில் பயணத்துக்குத் தடையில்லை என்றும் அறிவித்தது. ஓகஸ்டில் எடுத்த கடவுச்சீட்டுக்கு மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே வருகைப் படிவத்தில் புதிய இலக்கம், அட்டை உள்ளபடியே கையில் என்று தீர்மானித்தோம். பதிவேற்றத்தைத் தாய் அன்றிரவே தொடங்கிவிட்டார்.

விமானம் ஏறும் நாடு என்ற இடத்தில் மகன் பிரித்தானியாவைப் போட்டிருந்தான். அவர்கள் ஏறுவது கட்டுநாயக்கவில். கடந்த ஆறு நாட்களில் இருந்த நாடுகள் என்ற கேள்விக்கும் இலங்கை மட்டுமே விடை. முந்திய சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்கள். உறையூர் வீட்டின் விலாசத்தில் இலக்கம், தெரு, பின்கோடு எல்லாம் இருந்தன. எங்கள் ஊர் விலாசத்துக்குப் பட்ட பாட்டை நினைத்துத் தந்தை சிரித்தார்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் வந்த கியூ.ஆர். குறியை அவரவர் கைபேசியில் சேமித்து, ஒரு பிரதியைத் தாளிலும் எடுத்தோம். மகளுக்குக் கைபேசி இல்லை. அவளுடையதைத் தாயும் தந்தையும் இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

நடந்தது

கட்டுநாயக்கவில் விமான நிறுவன மேசையில் தந்தையிடம் இலங்கைக் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து இந்திய விசா எங்கே என்று கேட்டார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டையும் ஈ-விசாவையும் காட்டினார். குடியகல்வில் மீண்டும் இலங்கைக் கடவுச்சீட்டு. இந்த மாற்றி மாற்றிக் காட்டலுக்கு அவர் முன்பே ஆயத்தமாக இருந்ததால் பதற்றம் இருக்கவில்லை.

திருச்சியில் நடந்ததை மகன் பிறகு எழுதி அனுப்பினான். தாயிடம் வருகைப் படிவத்தைக் கேட்கவே இல்லை. அட்டையையும் கடவுச்சீட்டையும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். மகனிடமும் மகளிடமும் கேட்டார்கள். மகளின் அட்டையில் உள்ள இலக்கம் வேறாக இருப்பதைப் பெண் உத்தியோகத்தர் கவனித்து, புதிய கடவுச்சீட்டைப் பதிவேற்றிவிட்டீர்களா என்று வினவினார். தொடங்கியிருக்கிறது என்று தாய் காட்டியதும் முத்திரை விழுந்தது. தந்தை ஈ-விசா வரிசையில் விரல் அடையாளம் கொடுத்து, பிரித்தானியக் கடவுச்சீட்டில் இலங்கை முத்திரை ஏன் இல்லை என்ற கேள்விக்கு இரண்டாவது புத்தகத்தைக் காட்டி, கடைசியாக வெளியே வந்தார். படிவம் நிரப்பாமல் வந்த சிலர் ஓரமாக நின்று கைபேசியில் நிரப்பிக்கொண்டிருந்தார்களாம்.

தாயிடம் கேட்காததை வைத்து, ஓ.சி.ஐ. இருந்தால் தேவையில்லை என்று இந்தக் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். ஒரு மேசையில் ஓர் உத்தியோகத்தர் கேட்கவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பிள்ளைகளிடம் கேட்டதும் அதே நாளில்தான், அதே வரிசையில்தான்.

இனி மாற்றுவது

எங்கள் நிலையத்தில் இப்போது படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாள் எழுதுகிறோம். மேலே எல்லைகள், பக்கத்தில் ஆட்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் புத்தகம் என்று. இந்தக் குடும்பத்துக்கு அந்தத் தாளை முதல் நாளே எழுதியிருந்தால், தந்தையின் இரண்டு கடவுச்சீட்டுகளும் மகளின் இரண்டு இலக்கங்களும் தாளிலேயே தெரிந்திருக்கும். எங்கே பிறந்தார், எத்தனை முறை வந்தார், யாருடைய மருமகள் என்பவற்றுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

வெளிநாட்டில் உள்ளவர்களுடைய விண்ணப்பத்தை இங்கிருந்து நிரப்புவதைக் கூடியவரை தவிர்க்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் என்றால் வேறு விடயம். மற்றவர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாமே நிரப்பட்டும், தங்கள் மின்னஞ்சலைக் கொடுக்கட்டும், நாங்கள் தொலைபேசியில் இருக்கிறோம். இதனால் எங்கள் வருமானம் கொஞ்சம் குறைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடவுச்சீட்டுப் படங்களை வேலை முடிந்ததும் எங்கள் கணினியிலிருந்து அழிக்கிறோம். மச்சானும் தன் கைபேசியில் 2023 முதல் கிடந்தவற்றை எங்கள் முன்னிலையில் அழித்தார். ஆனால் அதே படங்கள் குடும்பக் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் கைபேசிகளில் இன்னும் இருக்கும். அதற்கு எங்களிடம் வழி இல்லை.

பயண நாளைத் தீர்மானிக்கும்போதே 72 மணி நேரக் கணக்கையும் நாட்காட்டியில் குறிக்கச் சொல்கிறோம். திவசம், திருவிழா, கலியாணம் என்று வருபவர்களுக்கு அந்த மூன்று நாட்களுக்குள் முக்கிய நாளும் விழுந்துவிடுகிறது. மாமாங்கேசுவரர் தீர்த்தத்துக்கோ கொக்கட்டிச்சோலைத் தேருக்கோ வந்துவிட்டு அப்படியே இந்தியா போகிறவர்கள், எந்த நாளில், எந்த ஊரில் இருந்து நிரப்புவோம் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தந்தை இலண்டனுக்குத் திரும்பிய பிறகு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பிள்ளைகளை இலங்கைப் பிரஜைகளாகப் பதிய இனி வழி உண்டா என்று. மகனுக்கு 19 வயது. பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டியது, அது நடக்கவில்லை. இது படிவம் நிரப்பும் கடையில் தீரும் கேள்வி அல்ல என்று சொல்லி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்கு எழுதச் சொன்னோம். எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.